துரையின் நாய்க்கு எடுத்த படம்

அந்த நாயை எக்ஸ்ரே மேசைமேல் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டவள் நான்தான். ஆஸ்பத்திரியில் வேறு யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. எனக்கும் சம்மதமில்லை. ஆனால் எக்ஸ்ரே அறை என் பொறுப்பில் இருந்தது.

1930களின் தொடக்கம் அது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எக்ஸ்ரே மெஷின் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சனங்கள் அதை 'எலும்புப் படம்' என்றார்கள். மரத்திலிருந்து விழுந்தவன், மாடு முட்டியவன், ஊசியை விழுங்கிய குழந்தை என்று வாரத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள். மெஷினுக்கு வேண்டிய கரண்ட்டை, கொட்டகையில் இருந்த எண்ணெய் எஞ்சின்தான் கொடுத்தது. அந்த எஞ்சினை ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்தவர் தோல் மண்டி நடத்திய வெள்ளைக்காரத் துரை. அவருடைய நாய்க்குத்தான் உடம்பு சரியில்லை.

துரையின் மண்டியை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். நான் பிறந்த சேரி அதன் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பல ஊர்ச் சந்தைகளிலிருந்து வரும் பச்சைத் தோலை அங்கே தரம் பிரித்து, ஓரம் வெட்டி, பாஷாணம் கரைத்த தொட்டியில் முக்கிக் காயவைத்து, கட்டுக்கட்டாகக் கட்டிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். பாஷாணம் என்பது ஆர்சனிக் விஷம்; அதில் முக்கினால் பூச்சி அரிக்காது. பக்கத்திலேயே இன்னொரு மண்டியில் தோல் பதனிடுவார்கள். என் அப்பா அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவர். அவர் சாப்பிட உட்காரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் விரலில் இருந்து சோற்றுக்கு ஏறும் நாற்றம் எனக்குத் தாங்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

பத்து வயசில் என்னை போர்டிங் ஸ்கூலில் சேர்த்தார்கள். முதல் நாளே பக்கத்துப் பாய்க்காரப் பெண்கள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்ப் படுத்தார்கள். அன்றிலிருந்து நான் சோப்பு பைத்தியமாகிவிட்டேன். நர்ஸ் வேலைக்கு வந்தபிறகு கார்பாலிக் சோப்பு கிடைத்தது. முழங்கை வரைக்கும் அதைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கையின் தோல் எப்போதும் வெளுத்து வறண்டு கிடக்கும். எக்ஸ்ரே அறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணமும் அதுதான். வார்டில் இருப்பதுபோல் சீழும் மலமும் அங்கே கிடையாது. ஒரு மேசை, ஒரு குழாய், ஒரு இருட்டறை, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் டாக்டர் ஐம்பது வயசைத் தாண்டியவர், வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், நல்லவர் என்று பெயர். அன்று என் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் ஒரு படம் எடுக்கணும். எஞ்சின்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

"யாருக்கு டாக்டர்?"

"துரையோட நாய்க்கு."

அவரே தொடர்ந்தார்.

"ஒரு மாசமா வாந்தியாம். கண்ணு மஞ்சளா இருக்காம். வயிறு வீங்கியிருக்கு, மூத்திரத்துல ரத்தம் போகுது. வேலூர்ல இருந்து மாட்டு டாக்டர் வந்து பாத்தாரு. கல்லீரல், சிறுநீரகம், நெஞ்சு, எல்லாமே கெட்டிருக்கு, ஆனா எது முதல்ல கெட்டுது, எதனால கெட்டுதுன்னு கையால தொட்டு சொல்ல முடியலன்றாரு. படம் எடுத்துப் பாத்தா தெரியலாமாம்."

"ஃபிலிம் நாலுதான் இருக்கு டாக்டர். மெட்ராஸ்லேருந்து பார்சல் இன்னும் வரல. இன்னிக்கு அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுப் படம் எடுக்கணும்னு எழுதியிருக்கீங்க."

"எந்தப் பொம்பள?"

"தோல் மண்டியில ஓரம் வெட்டற பொம்பள. இருமலு, வயிறு வீக்கம்."

அவர் பேனாவை மூடினார். "அது பழைய இருமல்தான். திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் ஏற்கனவே வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசுக்காரி, பார்க்க அறுபதுபோல் இருப்பாள். என் அம்மாவுக்குத் தெரிந்தவள், நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூன்று மாசத்தில் அது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே சிவப்பு மிக்சர் புட்டியை நிரப்பிக்கொண்டு போவாள். நான் போய்த் திங்கட்கிழமை வரச் சொன்னபோது அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரி கண்ணு, வர்றேன்" என்று என் கையைப் பிடிக்க வந்தாள். நான் நாசூக்காகக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் உள்ளங்கை முழுவதும் அரிசி அரிசியாகக் காய்த்துத் தடித்திருந்தது. அவள் நிழல் பட்டாலே அந்த மண்டி நாற்றம் என் மூக்கில் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை துரையின் மோட்டார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நாயைப் போர்வையில் சுற்றி, துரையும் அவருடைய நாய்க்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள். கன்றுக்குட்டி உயரச் சீமை நாய். ஒரு காலத்தில் பளபளவென்று இருந்திருக்கும். இப்போது இடுப்பிலும் வாலிலும் மயிர் கொட்டி, கறுத்த தோல் தெரிந்தது. வாயோரம் நுரையும் பித்தமும் ஒழுகின. போர்வையைப் பிரித்ததும் அறை முழுக்க ஒரு நாற்றம் பரவியது. நாய் நாற்றத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. பத்து வயசில் போர்டிங் பாயில் என்னோடு வந்து படுத்த அதே நாற்றம்.

துரை தன் கைக்குட்டையால் நாயின் வாயைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை மடித்துத் திரும்பக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவர் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. நாலு வருஷம் முன்னால் அவர் மண்டியில் தொட்டியில் விழுந்து ஒருவன் செத்தபோது அவர் கொடைக்கானலில் இருந்தார், இறங்கி வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மனுஷனுக்குள் வைத்துப் பார்க்க எனக்குக் குமட்டியது.

கூட வந்திருந்த மாட்டு டாக்டர் நாய்க்குத் தூக்க மருந்து கொடுத்திருந்தார். போதவில்லை. பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை பேண்டேஜ் துணியால் கட்டினோம். படம் பதிய சில நொடிகளாவது அசையாமல் இருக்கவேண்டும். மனுஷனிடம் மூச்சைப் பிடி என்று சொல்லலாம். நாயிடம் என்ன சொல்வது? நான் அதன் கழுத்தின்மேல் முழங்கையை வைத்து, இன்னொரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்தேன். டாக்டருக்கு ஈயக் கையுறையும் ஈய ஏப்ரனும் இருந்தன. எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"எஞ்சின்!" என்று டாக்டர் கத்தினார். கொட்டகையில் எஞ்சின் தடதடவென்று வேகம் பிடித்தது. மெஷின் உறுமியது. அந்த நொடியில் நாய் என் கைமேல் மூத்திரம் விட்டது. சூடாக, காப்பிக் கஷாயம் நிறத்தில். முழங்கை வழியாக வழிந்து இடுப்பில் நனைந்தது. நான் அசையவில்லை. அசைந்தால் இன்னொரு ஃபிலிம் போகும்.

அது வயிற்றுப் படம். அடுத்தது நெஞ்சுக்கு. மூன்றாவதற்கு, வயிற்றுக்குள் போகும் வழி தெரியவேண்டும் என்று பாலில் வெள்ளைப் பொடி மருந்தைக் கரைத்துப் புகட்டினார்கள். பாதி உள்ளே போனது. படம் எடுத்த மறு நிமிஷம் அதையும் என் தோளில் கக்கியது. துரை, "பாவம், பாவம்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தார். நாயைத்தான் சொன்னார்.

உடுப்பைக்கூட மாற்றாமல் ஃபிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஓங்கரித்தேன். தொட்டியில் ஒன்றும் வரவில்லை, வெறும் எச்சில்தான். பிறகு சிவப்பு விளக்கின் கீழே ஃபிலிமை மருந்துத் தண்ணீரில் விட்டு ஆட்டினேன்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் புகைமாதிரி ஏதோ தெரிந்தது. அப்புறம் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. வளைவு வளைவாக, சீராக, யாரோ மெனக்கெட்டுச் செதுக்கியதுபோல. முதுகெலும்பு மணிமாலைபோல் நீண்டு கிடந்தது. வெளியே அவ்வளவு அசிங்கமாக இருந்த மிருகத்துக்குள் இத்தனை சுத்தம் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு அருவருப்பு இல்லாமல் இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

ஈரத்தோடேயே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். எங்கள் டாக்டருக்கு நாயின் உடம்புக்குள் எது எங்கே என்று தெரியாது. மாட்டு டாக்டர்தான் பென்சிலால் காட்டினார்.

"இது கல்லீரல். விலாவுக்குள்ள இருக்கணும், நாலு விரல் வெளிய தள்ளிடுச்சு பாருங்க. இது சிறுநீரகம், ரெண்டும் சுருங்கிப்போச்சு. நெஞ்சுல கீழ்ப்பக்கம் மூட்டமா இருக்குதே, அது தண்ணி. இருதயம் பானைமாதிரி உப்பிக் கெடக்கு."

"எல்லாம் சேந்தா கெடும்?" என்றார் எங்கள் டாக்டர்.

"அதான் எனக்கும் புரியல. ஏதோ ஒண்ணு ரத்தத்துல கலந்து எல்லா இடத்துக்கும் போயிருக்கு."

அப்போது எங்கள் டாக்டர் முதல் படத்தை வாங்கி இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். இரைப்பை இருக்கும் இடத்தில், ரவையைச் சிந்தியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் பொடி தெரிந்தது.

"இது இன்னா? நாம குடுத்த மருந்தா?"

"இல்ல டாக்டர்" என்றேன். "அது மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம்."

அவர் படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு நாய்க்காரரைக் கூப்பிட்டார். துரையைப் பக்கத்து அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்த மனுஷரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் கேட்டார். காலையில் என்ன சாப்பிடும்? மத்தியானம்? எந்தத் தண்ணீர் குடிக்கும்? எந்தப் பாத்திரத்தில்? எங்கே படுக்கும்? அவிழ்த்துவிட்டால் எந்தப் பக்கம் போகும்? வாந்தி எடுத்தால் என்ன நிறம், அதில் என்ன கிடக்கும்? கேட்டதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

நாய்க்காரர் முதலில் மென்று விழுங்கினார். கடைசியில் சொல்லிவிட்டார்.

"துரைகிட்ட சொல்லாதீங்க சாமி, என் பொழப்பு போய்டும். காலைல அவுத்து வுட்டா பின்னாடி குப்பமேட்டுக்கு ஓடிடுது. ரொம்ப பேஜாரு. தோலு ஓரம் வெட்டிப் போடற காது, வாலு, ஜவ்வு எல்லாம் அங்கதான் கொட்றாங்க. அதத் தின்னுட்டு வருது. பங்களாவுல கறி போட்டாலும் அதுக்கு அதுதான் ருசி."

"முக்கறதுக்கு முன்னாடி வெட்டறதா, அப்புறம் வெட்டறதா?"

"ரெண்டும்தான். முக்கிக் காஞ்சதையும் திரும்பி வெட்டுவாங்க. அதுதான் ஜாஸ்தி."

"பாஷாணம்" என்றார் மாட்டு டாக்டர்.

எங்கள் டாக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். மெதுவாக ஜன்னலுக்கு வெளியே வராந்தாவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஆனால் அவர் யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. மண்டியிலிருந்து எத்தனை பெண்கள் அந்த வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். காய்த்த கை, மழைத்துளி விழுந்ததுபோல் புள்ளி புள்ளியாகக் கறுத்த தோல், வீங்கிய வயிறு, விடாத இருமல். எல்லாருக்கும் அந்தச் சிவப்பு மிக்சர்தான். நீ என்ன சாப்பிடுகிறாய், எந்தத் தண்ணீர் குடிக்கிறாய், கையால் எதைத் தொடுகிறாய் என்று ஒருத்தியிடமும் அவர் கேட்டதில்லை.

நானும் கேட்டதில்லை. எனக்கு அவரைவிடத் தெரியும். அந்தப் பெண்கள் எங்கே வேலை செய்கிறார்கள், எந்தக் கையால் சாப்பிடுகிறார்கள் என்று நான் பார்த்து வளர்ந்தவள். அவர்கள் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதிலேயே என் கவனம் எல்லாம் போய்விட்டது.

அன்று மேசையைக் கழுவி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. இரண்டு தடவை கார்பாலிக் போட்டேன். கை எரிந்தது. நாற்றம் போனதா என்று தெரியவில்லை, எனக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை அந்த அத்தை வந்தாள். மீதி இருந்த ஒரு ஃபிலிமை, கை கால் முறிந்து யாராவது வந்தால் வேண்டும் என்று டாக்டர் எடுத்து வைத்துவிட்டார். பார்சல் வந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லச் சொன்னார். அவரே வெளியே வரவில்லை. அவள் இருமிக்கொண்டே போனாள். புட்டியை நிரப்பக்கூட நிற்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு லீவு. அம்மாவைப் பார்க்கப் போனேன். சேரிக்குப் போகும் வழி ஆற்றங்கரையை ஒட்டியது. அந்தக் கோடையில் பாலாற்றில் மணல்தான். சேரிப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே, கரையில், இரண்டு மாட்டு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஆட்கள் வண்டியைச் சாய்த்து எதையோ கொட்டினார்கள். கிட்டே போனேன். காதுகள். ஆட்டுக் காது, மாட்டுக் காது, வால் நுனிகள், மயிரோடு ஓரத் துண்டுகள். வெயிலில் ஈக்கள் கறுப்பாக மொய்த்தன. அடியிலிருந்து மஞ்சள் கலந்த சாறு கசிந்து மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் கேட்டேன்.

"முன்னல்லாம் பங்களா பக்கத்துல கொட்டுவாங்க. இப்ப துரையோட நாயிக்கு ஒத்துக்கலையாம். அதான் இங்க கொண்டாந்து கொட்றாங்க" என்றாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "மேஸ்திரிகிட்ட கேட்டோம். மழ வந்தா ஆத்தோட போய்டும்னாரு."

அவள் வைத்த சோற்றை நான் சாப்பிடவில்லை. குடத்துத் தண்ணீரைப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

நாங்கள் எடுத்த படத்தால் நடந்தது இதுதான். நாய்க்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தோம், துரைக்குச் சொன்னோம், துரை விஷத்தை நாயிடமிருந்து எடுத்து மனுஷர்களிடம் கொண்டுபோய்ப் போட்டார். நான் நடுவில் நின்று நாயின் கழுத்தைப் பிடித்திருந்தேன்.

அன்றே அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக அவள் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையைக் கொடுத்தவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா கண்ணு, நாறுது இல்ல?" என்றாள்.

"ஆமா அத்தே" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவள் சிரித்தாள். "எனக்கும்தான் நாறுது. உன்னால எழுந்து போக முடிஞ்சுது, போய்ட்ட. நல்லதுதான்."

பார்சல் அடுத்த வாரம் வந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே துரையின் பங்களாவிலிருந்தும் ஆள் வந்தான். நாய் கொஞ்சம் தேறியிருக்கிறதாம். கல்லீரல் சுருங்கியிருக்கிறதா என்று துரை இன்னொரு படம் பார்க்க விரும்புகிறாராம். டாக்டர் மறுநாள் காலை வரச் சொன்னார். நான் அன்று சாயங்காலம் சேரிக்கு ஆள் அனுப்பி, அத்தையையும் மறுநாள் காலையே வரச் சொன்னேன். அம்மா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

மோட்டார் வந்தது. நாய் இந்தத் தடவை தானாக நடந்து வந்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, "புடிம்மா" என்றார்.

"மாட்டேன் டாக்டர்."

"இன்னா?"

"அந்தப் பொம்பளைக்கு முதல்ல எடுங்க. அப்புறம் நாயைப் புடிக்கறேன். இல்லாட்டி நான் புடிக்க மாட்டேன். வேற யாரயாவது கூப்பிடுங்க."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். துரை என்ன விஷயம் என்று இங்கிலீஷில் கேட்டார். டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்ற அத்தையைப் பார்த்தார். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டார். கோபமா, வேறு ஏதாவதா என்று அப்போது புரியவில்லை.

"ஆத்தோரம் கொட்றாங்க டாக்டர்" என்றேன். "நாய்க்கு ஆகலன்னு இப்ப அங்க கொட்றாங்க. ஊத்துக்கு மேலயே. நான் கண்ணால பாத்தேன். அந்தத் தண்ணியத்தான் எங்கம்மா குடிக்கறாங்க."

டாக்டர் துரையிடம் திரும்பி, கொஞ்சம் வெளியே காத்திருக்கும்படி சொன்னார். துரைக்குக் காத்திருந்து பழக்கமில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அத்தையை மேசைமேல் படுக்கவைத்தேன். "மூச்ச இழுத்துப் புடி அத்தே." பிடித்தாள். இருமல் வந்ததை எப்படியோ அடக்கிக்கொண்டாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரே தடவையில் படம் சரியாக வந்தது.

டாக்டர் துரையை உள்ளே கூப்பிட்டார். ஜன்னல் கண்ணாடியில் நாயின் பழைய படத்தையும் அத்தையின் ஈரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். அவர் இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. நுரையீரலில் தழும்பு, கல்லீரல் இவ்வளவு இறங்கியிருக்கிறது, நாய்க்கும் அப்படியே. பிறகு அத்தையின் கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையைத் துரையின் முகத்துக்கு நேராகக் காட்டினார். துரை ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் முகம். இத்தனை வருஷம் நான் அந்தப் பெண்களுக்குக் காட்டிய முகம்.

"ஆத்தோரம் கொட்டறத நிறுத்தலைன்னா நான் கலெக்டர் ஆபீஸுக்கு எழுதுவேன், ரெண்டு படத்தையும் சேத்து அனுப்புவேன்னு சொல்லிட்டேன்" என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அவர் அந்த மாதிரிப் பேசுகிறவர் இல்லை. எஞ்சினைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று ஒரு மாசம் பயந்துகொண்டே இருந்தார். கேட்கவில்லை.

துரை அன்று தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் நாயின் முறை. சொன்ன சொல்லுக்காக நான் பிடித்தேன். நாய் இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. தலையை என் முழங்கைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அது என்ன செய்யும், பாவம். அதன்மேல் எனக்கு இருந்த வெறுப்பு எந்த நேரத்தில் போனதென்று தெரியவில்லை. துரைமேல் இருந்தது போகவில்லை.

வெளியே வராந்தாவில் அத்தைக்கு அவள் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதானா நானு?"

"உன் நெஞ்சு அத்தே. இது விலா. இது இருதயம்."

"நாயிக்கும் இப்படியேதான் இருந்துச்சா?"

"கொஞ்சம் நீளமா இருந்துச்சு."

"சரிதான்" என்று சொல்லி ஃபிலிமை என்னிடம் கொடுத்தாள். "அதுக்குக் காட்டினாங்களா அது படத்த?"

அவளும் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் ஆற்றோரம் கொட்டுவது நின்றது. மண்டிக்குள்ளேயே குழி வெட்டி, சுற்றிலும் செங்கல் கட்டி, சுண்ணாம்பு போட்டு மூட ஆரம்பித்தார்கள். ஓரம் வெட்டும் பெண்களுக்குக் கை கழுவ ஒரு தொட்டியும் வந்தது. தண்ணீர் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. நாய் அந்த வருஷக் கோடையைத் தாண்டவில்லை. சிறுநீரகம் திரும்பவில்லை என்று மாட்டு டாக்டர் சொன்னார். பங்களா தோட்டத்தில் புதைத்துப் பெயர் பொறித்த கல் நட்டார்கள்.

அத்தையை அம்மா மண்டியிலிருந்து நிறுத்தி, காவேரிப்பாக்கத்தில் இருந்த அத்தையின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே வேர்க்கடலை உரிக்கும் வேலை. வயிறு வீக்கம் வடிந்தது, இருமல் கடைசிவரை இருந்தது. ஏழெட்டு வருஷம் உயிரோடு இருந்தாள். நான் போகும்போதெல்லாம் கையைப் பார்ப்பேன். காய்ப்பு உதிரவே இல்லை.

சேரிப் பெண்கள் மட்டும் இரண்டு மழைக்காலம் போகிறவரைக்கும் அந்த இடத்தில் ஊற்றுத் தோண்டவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் மேலே நடந்து போனார்கள். தோண்டினால் மணல் இன்னும் நாறுகிறது என்றார்கள்.